எழுத்து மாறினா விதிவிலக்கா? என்னங்க அநியாயம்!

ஸ்பானிஷ் இலக்கணப் புத்தகம் எழுதுற புண்ணியவான்களே, 'தொடாதே', 'பணம் கட்டாதே' எல்லாம் விதிவிலக்குன்னு பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லாதீங்க சாமி!

'தொக்காஸ்'னா நீ தொடுற. 'நோ தொக்கேஸ்'னா தொடாதே. 'ஆ' போய் 'ஏ' வந்துச்சு, அவ்ளோதான் விதி. ஆனா 'ஏ'க்கு முன்னாடி 'சி' எழுதினா 'க' சத்தம் போயிடும். அதைக் காப்பாத்தத்தான் சி-க்குப் பதிலா க்யூ, யூ போடறாங்க. 'நோ பகேஸ்' (பணம் கட்டாதே) எழுதும்போது ஜி பக்கத்துல யூ ஒட்டுறதும் இதுக்குத்தான். சத்தம் மாறக்கூடாதுன்னுதான் எழுத்தே மாறுது. இதுல விதிவிலக்கு எங்க இருக்கு?

'இர்' (போ) 'நோ பாயாஸ்'னு ஆகுது பாருங்க, அது நிஜமான விதிவிலக்கு. அந்த மாதிரி சிலதை மட்டும் மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க. ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டினா, புதுசா படிக்கிறவன் மொழியே கிறுக்குப் புடிச்சதுன்னு ஓடிருவான்.

'பக்கம்', 'பகல்' ரெண்டுலயும் ஒரே 'க', சத்தம் வேற வேற. அதை விதிவிலக்குன்னா நாம சும்மா விடுவோமா? நீங்களே சொல்லுங்க மக்கா!