அறைக்கு அறை பூட்டு

உத்திரமேரூரில் பிறந்தவர்களுக்கும், இங்கே படிக்க வந்தவர்களுக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்வெட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. குடவோலை என்றதும் நாமெல்லாம் தேர்தலைத்தான் நினைக்கிறோம். மேடைப் பேச்சாளர்களும் அதோடு நின்றுவிடுகின்றனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுகளில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஊர்ச்சபை தன் வேலைகள் அனைத்தையும் ஒரே கையில் ஒப்படைக்கவில்லை. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று பிரித்துக் கொடுத்தது. பதவிக் காலம் 360 நாள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள். நல்லவரைத் தேர்ந்தெடுக்க வழி கண்டவர்கள், கெட்டவன் ஒருவன் நுழைந்துவிட்டால் கேடு எவ்வளவு தூரம் பரவும் என்பதையும் எண்ணிப் பார்த்திருக்கின்றனர் என்றே தோன்றுகிறது.

கணிப்பொறிக் கட்டுரையில் சோழர் கல்வெட்டு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. நாம் ஆய்வகத்தில் பழகும் லினக்ஸுக்கும், அதன் முன்னோடியான யுனிக்ஸுக்கும் இதுவே நெடுநாளைய சிக்கல். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸில் 'ரூட்' என்றொரு பயனர் உண்டு. அவருக்கு எல்லாக் கோப்பும் திறக்கும். எவர் வேலையையும் அவர் நிறுத்தலாம். எவர் கணக்கையும் அழிக்கலாம். ஒரு மென்பொருளை ரூட் அதிகாரத்தில் ஓட்டி, அதில் ஒரே ஓர் ஓட்டை இருந்துவிட்டால் போதும். அவ்வழியே நுழைபவன் கைக்கு ஊரே போய்விடும்.

இதைத் தடுக்க ஒரே நாளில் வழி பிறந்துவிடவில்லை. 1979இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'சி-ரூட்' என்னும் வசதி வந்தது. ஒரு கோப்புறையைக் காட்டி, 'உனக்கு உலகம் இவ்வளவுதான்' என்று மென்பொருளை நம்பவைப்பது அது. ஆனால் உள்ளே இருப்பவன் ரூட்டாக இருந்தால் எளிதில் வெளியேறிவிடுவான். அது கோப்புகளை மறைத்ததே தவிர அதிகாரத்தைக் குறைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் ஃப்ரீ-பிஎஸ்டி 4.0 பதிப்பில் டென்மார்க்கைச் சேர்ந்த பவுல்-ஹென்னிங் காம்ப் 'ஜெயில்' என்பதைக் கொண்டுவந்தார். பெயருக்கேற்ப அது சிறைதான். உள்ளே ஒரு ரூட் இருக்கலாம். அவன் அதிகாரம் அந்த அறைக்குள் மட்டும். லினக்ஸில் இது துண்டு துண்டாக வளர்ந்தது. பிறர் கோப்பும் பிறர் வேலையும் கண்ணில் படாமல் மறைக்கும் 'நேம்ஸ்பேஸ்' ஒரு பக்கம். யார் எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி நேரம் எடுக்கலாம் என்று அளந்து கொடுக்கும் 'சி-குரூப்' மறுபக்கம். கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கிய இவ்வேலை 2008இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. 2013இல் 'டாக்கர்' வந்து இவற்றையெல்லாம் ஒரே கட்டளையில் கட்டிக் கொடுத்தது. 'கண்டெய்னர்' என்ற பெயர் உலகெங்கும் பரவியது அதன் பிறகுதான். (நம் பக்கத்தில் கண்டெய்னர் என்றால் ஒரகடத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும் லாரிதான் நினைவுக்கு வரும். பெயர் வந்ததும் அங்கிருந்துதான். டாக்கரின் சின்னமே பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கலம்.)

919இல் வகுத்த விதிகளை இவ்வூர்ச் சபையார் இரண்டே ஆண்டில் விரித்துத் திருத்தினர். 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 என்று ஆயிற்று. சி-ரூட்டிலிருந்து ஜெயிலுக்கு வர யுனிக்ஸ் உலகத்துக்கு 21 ஆண்டுகள் பிடித்தன. ஊரார் நம்மைவிட விரைவானவர்கள்!

இனி என் கருத்துக்கு வருகிறேன். 'கண்டெய்னரில் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை' என்று சொல்லும் பழக்கம் மாணவரிடையே வளர்ந்து வருகிறது. இது தவறான நம்பிக்கை மட்டுமன்று, ஆபத்தான நம்பிக்கையும் ஆகும். கண்டெய்னர் தனி வீடன்று, ஒண்டுக் குடித்தனம். அறைகள் வேறு, கதவுகள் வேறு; ஆனால் கிணறு ஒன்று. அந்தக் கிணறுதான் கெர்னல். ஓர் இயந்திரத்திலுள்ள எல்லாக் கண்டெய்னர்களும் அந்த ஒரே கெர்னலில்தான் நீர் சேந்துகின்றன. அதில் நஞ்சு கலந்தால் எந்த அறையின் பூட்டும் காக்காது. மெய்நிகர் இயந்திரம் என்பது தனிக் கிணறு கொண்ட தனி வீடு. காவல் அதிகம், செலவும் அதிகம்.

பூட்டிலேயே பழுது நேர்வதும் உண்டு. 2019 பிப்ரவரியில், டாக்கருக்கு அடியில் இயங்கும் 'ரன்-சி' என்ற மென்பொருளில் ஒரு குறை வெளிப்பட்டது. தீய நோக்குள்ள கண்டெய்னர் ஒன்று, வெளியே இருக்கும் அந்த ரன்-சியையே மாற்றி எழுதி, இயந்திரம் முழுவதற்கும் ரூட் ஆகிவிட முடியும் என்று தெரியவந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'யூசர் நேம்ஸ்பேஸ்' முறையைச் சரிவரப் பயன்படுத்தி, உள்ளேயுள்ள ரூட்டை வெளியே எவ்வித அதிகாரமும் இல்லாத பயனராக வைத்திருந்தவர்களிடம் இத்தாக்குதல் பலிக்காது. இருவரும் ஓட்டியது கண்டெய்னர்தான். ஒருவர் அதிகாரத்தைக் குறைத்திருந்தார். மற்றவர் அறையை நம்பியிருந்தார்.

நம் மாநிலத்திலேயே தடுப்பின் பயனைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அங்கே பிரிக்கப்பட்டிருந்தது வலைப்பின்னல். இங்கே நாம் பேசுவது ஒரே இயந்திரத்தின் உட்பிரிவு. ஆயினும் நியாயம் ஒன்றே. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான கணினியொன்றில் தீநிரல் புகுந்தது. அக்டோபர் 29ஆம் நாள் நிலையத்தின் அறிக்கை செய்தியைப் பொய்யென மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் அது உண்மையென ஒப்புக்கொண்டு, பாதிப்பு இணையத்தோடு இணைந்த நிர்வாகக் கணினியில் மட்டுமே, அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருப்பதால் அதனை எட்டவில்லை என்றது. முதல் நாள் மறுப்பைவிட இரண்டாம் நாள் ஒப்புதலே எனக்குத் தெம்பளிக்கிறது. 'எங்களுக்கு வராது' என்பவரைக் காட்டிலும், 'வந்தது, இவ்விடத்தோடு நின்றது' என்பவரை நம்பலாமன்றோ?

இந்த எண்ணத்தோடு கல்லூரி ஆய்வகங்களை நோக்குவோம். எந்தவொரு கல்லூரியையும் சொல்லவில்லை. இது பொதுவான நோய். நிரல் ஓடவில்லையா? 'சி-மாட் 777' போடு. அப்போதும் ஓடவில்லையா? 'சூடோ' போடு. டாக்கர் அனுமதி கேட்கிறதா? பயனரை 'டாக்கர்' குழுவில் சேர்த்துவிடு. இந்த மூன்றாவது வழியில், அந்தப் பயனருக்கு ரூட் அதிகாரத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடவுச்சொல்லும் கேட்காத ரூட்! மதிப்பெண் பட்டியலும் மாணவர் நிரல்களும் ஒரே சர்வரில் இருந்தால் விளைவை நானா விளக்க வேண்டும்?

தீயவர் எவரும் தேவையில்லை, பிழையே போதும். செய்முறைத் தேர்வில் ஒரு மாணவி 'ஃபோர்க்' கட்டளையைச் சுழலுக்குள் தவறாக எழுதிவிடுகிறாள் என்று கொள்வோம். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சில நொடிகளில் சர்வர் திணறி நிற்கும். சேமிக்காத முப்பது பேரின் வேலையும் போகும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கண்டெய்னர் கொடுத்து, 'இதற்குள் 50 செயல்களுக்கு மேல் பிறக்கக் கூடாது' என்று சி-குரூப்பில் ஒரு வரி வைத்திருந்தால், அவள் நிரல் மட்டும் நிற்கும். அவளும் திருத்திக்கொண்டு எழுதுவாள். அருகில் இருப்பவருக்கு நடந்ததே தெரியாது.

'இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் வேலை. நம்மிடம் இருப்பதோ பழைய கணினிகள்' என்று ஆசிரியர் சிலர் கூறக்கூடும். மதிப்போடு மறுக்கிறேன். முப்பது மெய்நிகர் இயந்திரங்களைப் பழைய சர்வர் தாங்காது என்பது உண்மை. கண்டெய்னருக்குத் தனி இயக்குதளம் வேண்டியதில்லை; கெர்னல் பொது என்று மேலே நான் குறை கூறியதே இங்கு சிக்கனமாகிறது. வசதி குறைந்த கல்லூரிக்குத்தான் இது பொருந்தும். 'முதலில் நிரல் எழுதக் கற்கட்டும், காவலைப் பிறகு பார்க்கலாம்' என்போரும் உண்டு. நம்மில் பலர் பட்டம் பெற்றதும் மாநகருக்கு வேலை தேடிச் செல்வோம். சிலர் இங்கேயே இ-சேவை மையம் நடத்துவோம். சாதிச் சான்றும் பட்டாவும் ஆதார் நகலும் நம் கணினி வழியாகத்தான் போகும். அன்று வரும் பழக்கம், இன்று கைவந்த 777ஆகவே இருக்கும்.

செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 'பாட்மேன்' இலவசம், ரூட் அதிகாரம் இல்லாத சாதாரணப் பயனரே அதில் கண்டெய்னரை ஓட்டலாம். தேவையற்ற அதிகாரங்களைக் களைவது, கோப்பமைப்பைப் படிக்க மட்டும் திறந்து வைப்பது, நினைவகத்துக்கு வரம்பு கட்டுவது ஆகிய மூன்றையும் கட்டளையோடு சேர்க்கும் சில சொற்களால் செய்துவிடலாம். பாடத்திட்டம் மாறும்வரை காத்திராமல், இயக்குதளச் செய்முறைக் குறிப்பேட்டில் அடுத்த பருவத்திலேயே ஒரு பயிற்சியைக் கூட்டும்படி துறை ஆசிரியர்களை வேண்டுகிறேன். முடிவில்லாமல் பெருகும் நிரலொன்றை மாணவர் தாமே எழுதி, கண்டெய்னருக்குள் ஓட்டி, அருகிலுள்ள கணக்கு தடையின்றி இயங்குவதைத் தேர்வாளருக்குக் காட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் போதும்.