எபாக்ஸி கறைக்கு ஆசிட் எதுக்குங்க?

மக்களே, காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிற பையனுக்கு பாத்ரூம் டைல்ஸ்ல என்ன வேலைன்னு கேக்காதீங்க. இருக்கு :)

திருச்சி, ஸ்ரீரங்கம்னு எங்க பார்த்தாலும் பழைய வீட்டை இடிச்சு ஃப்ளாட் கட்டுறாங்க. டைல்ஸ் இடுக்குல இப்பல்லாம் சிமெண்ட்டுக்கு பதிலா எபாக்ஸி கிரௌட். தண்ணி இறங்காது, அழுக்கு ஏறாது. நல்ல பொருள்தான். ஆனா டைல்ஸ் மேல வழிஞ்சதை அன்னிக்கே ஈர ஸ்பாஞ்சால துடைக்கணும். விட்டா புகை படிஞ்ச மாதிரி ஒட்டிக்கும்.

ஏன் விட்டுடறாங்க? எபாக்ஸிங்கறது ரெசினும் ஹார்ட்னரும் கலந்து இறுகுற சமாச்சாரம். வெப்பம் 10 டிகிரி ஏறினா இறுகுற வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. டப்பாவுல போட்டிருக்கிற நேரம் பெரும்பாலும் 25, 30 டிகிரிக்கு. நம்ம ஊரு அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரி! மேஸ்திரிக்குக் கிடைக்கிறது பாதி நேரம்கூட இல்லை. அதே சமயம் வைகாசி முகூர்த்தத்துல கிரகப்பிரவேசம்னு வீட்டுக்காரர் அவசரப்படுத்துவார். தப்பு மேஸ்திரி மேல மட்டுமா?

கடைசியில ஆசிட் பாட்டில் வரும். இதுதான் எனக்குப் பிடிக்காத இடம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சிமெண்ட்டை அரிக்கும், மார்பிளைக் கெடுக்கும். இறுகிப்போன எபாக்ஸியைக் கரைக்காது. கதவு மூடின பாத்ரூம்ல அந்தப் புகையை இழுக்கிறது சித்தாள் வேலைக்கு வந்த அக்கா. பிளீச்சிங் பவுடரோட கலந்தா வர்றது குளோரின் வாயு. வாங்குறவங்க விவரத்தைப் பதிவேட்டில் எழுதாம ஆசிட்டைக் கடையில விக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2013ல் சொன்ன பொருள் இது. அதைத்தான் தரை கழுவ வாளியில ஊத்துறோம்.

சரி, கறை போக என்ன வழி? ஹேர் டிரையரால சூடு காட்டினா எபாக்ஸி கொஞ்சம் இளகும். பழைய ஏ.டி.எம். கார்டால சுரண்டுங்க. மிச்சத்துக்கு, தரை ஆறினதும், அசிட்டோன் நனைச்ச துணியைச் சில நிமிஷம் போட்டுத் தேய்க்கலாம். ஜன்னல் திறந்திருக்கணும், கையுறை வேணும், பக்கத்துல நெருப்பு கூடவே கூடாது. சூடும் அசிட்டோனும் ஒரே நேரத்துல வேண்டாம். முதல்ல ஒரு மூலையில சோதிச்சுப் பாருங்க. பளபளப்பான டைல்ஸ்னா சுலபம், சொரசொரப்பானதுன்னா பொறுமை வேணும்.

எங்க பாடத்துல தடுப்புச் செலவு, தோல்விச் செலவுன்னு ரெண்டு வரும். வெயில் ஏறுமுன்ன காலையில கலக்கறது, கொஞ்சம் கொஞ்சமா கலக்கறது, துடைக்க மட்டும் ஒரு ஆள். இது தடுப்புச் செலவு. ஒரு நாள் கூலி. ஆசிட், கெட்டுப்போன கிரௌட், அந்த அக்காவோட நெஞ்செரிச்சல் எல்லாம் தோல்விச் செலவு. இதுல கடைசி ஐட்டம் எந்த பில்லுலயும் வராது.

அதனால கொட்டேஷன் வாங்கும்போதே "துடைக்கற கூலி"ன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. முகூர்த்தத்தை வேணும்னா ஒரு வாரம் தள்ளிக்கலாம். என்ன சொல்றீங்க?