எந்தக் காளை பூட்டினால் என்ன?

மாட்டுவண்டிகள் ஓடிய நாளில், எங்கள் கடம்பூர்க் கரிசலில், கோடை வெயிலுக்குச் சக்கரம் காய்ந்து இரும்புப் பட்டா கழன்றால் கொல்லரிடம் போவார்கள். அவர் சக்கரத்தைப் பார்ப்பார், கூலியைச் சொல்வார். “செவலையை அவிழ்த்துவிட்டு, நான் சொல்லுகிற மயிலையைப் பூட்டிக்கொண்டு வா” என்று எந்தக் கொல்லரும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்படிச் சொல்லுகிற கொல்லரைச் சென்ற மாதம் சந்தித்தேன். முழு விலை கொடுத்து வாங்கிய மடிக்கணினியில் லினக்ஸை வைத்து எழுதிவருகிறேன். அதன் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கம்பெனி கொடுத்ததோ விண்டோஸில் மட்டும் ஓடுகிற கோப்பு. தொலைபேசியில் கேட்டேன்.

“விண்டோஸ் போட்டுட்டுக் கூப்பிடுங்க, சார்.”

அந்தப் பையன்மேல் குற்றமில்லை. எழுதிக் கொடுத்ததைப் படித்தான்.

ஃபர்ம்வேர் என்பது தாய்ப்பலகையில் ஒரு சில்லுக்குள் குடியிருக்கும் நிரல். பொத்தானை அழுத்தியதும் விண்டோஸோ லினக்ஸோ எழுவதற்கு முன் கண்விழிப்பது அதுதான். அது இயந்திரத்தின் உறுப்பு, விண்டோஸின் உறுப்பல்ல. அதில் ஓட்டை இருந்தால் யாருக்கும் தப்பில்லை. 2023 டிசம்பரில் ‘லோகோஃபெயில்’ என்ற பெயரில் வெளிவந்த ஓட்டைகள், தொடக்கத்தில் கம்பெனிச் சின்னத்தைத் திரையில் காட்டுவதற்கான நிரலிலேயே இருந்தன. சின்னத்தின் இடத்தில் நச்சுப் படமொன்றை வைத்துத் திருடன் நுழையலாம். தன் பெருமைக்குத் திறந்த வாசலை அடைப்பதற்கா என்னிடம் நிபந்தனை பேசுவது?

‘லினக்ஸ்காரர்கள் எத்தனை பேர், அவர்களுக்காகத் தனிச் செலவா’ என்பார்கள். அந்தச் செலவைக் குறைக்க வழி செய்துவிட்டார் ரெட் ஹாட் நிறுவனத்தின் ரிச்சர்ட் ஹியூஸ். 2015-ல் அவர் தொடங்கிய பொதுச் சேவையில் எந்தக் கம்பெனியும் தன் ஃபர்ம்வேரை ஏற்றிவைக்கலாம். லினக்ஸ் அதை எடுத்துக்கொள்ளும். டெல்லும் லெனோவாவும் பல மாடல்களுக்கு அப்படிச் செய்கின்றன. அவர்களால் முடிந்தது மற்றவர்களுக்கு ஏன் முடியாது? முடியாமையல்ல ஐயா, அலட்சியம்!

இது என்னைப் போன்ற நாலு பேரின் வீம்பும் அல்ல. 2011-ல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தது. ஏழைப் பிள்ளைக்கு இரண்டு காளை கொடுத்தோம். ஒன்றைப் பூட்டினால்தான் பழுதுபார்ப்பார்கள் என்றால் மற்றது எதற்கு, தொழுவத்தில் அழகுக்கா?

ஆகவே அரசாங்கமும் கல்லூரிகளும் டெண்டரில் ஒரே ஒரு வரி சேர்க்கட்டும்: எந்த இயங்குதளம் வைத்தாலும் ஃபர்ம்வேர் புதுப்பிக்க வழி செய்துதர வேண்டும். ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் கம்பெனிக்குக் காது கேட்கும். நாமும் கடையில் பணத்தை எண்ணி வைப்பதற்கு முன்பே கேட்போம். எண்ணி வைத்தபின் கேட்டு நான் பெற்ற பதிலைத்தான் மேலே சொல்லிவிட்டேனே.