மஞ்சப்பைகளை எண்ணினால் போதுமா?

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறையில் உள்ளது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது; பத்து ரூபாய்க்குத் துணிப்பை தரும் இயந்திரங்களும் வந்தன. ஆனாலும், காய்கறிக் கடைகளிலிருந்து நெகிழிப் பை இன்னும் மறையவில்லை.

துணிப்பை என்பதாலேயே அது சூழலுக்கு உகந்ததாகிவிடாது. பருத்தி விளைய நீரும் உரமும் பூச்சிக்கொல்லியும் தேவை. சாயக்கழிவு என்ன செய்யும் என்பதற்குத் திருப்பூரின் நொய்யல் ஆறே சாட்சி. புவி வெப்பமாதல் கணக்கில் ஒரு சாதாரண நெகிழிப் பைக்கு ஈடாக வேண்டுமெனில், புதிய பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் கணக்கிட்டது. விழாக்களில் வழங்கப்பட்டு அலமாரியில் உறங்கும் பைகள் இந்தக் கடனை ஒருநாளும் அடைக்கப்போவதில்லை.

இதற்கான விடை நம் வீடுகளிலேயே இருக்கிறது. உடுத்தாத கெட்டிப் புடவையிலோ பழைய படுக்கை விரிப்பிலோ தைக்கும் பைக்குப் புதிய பருத்தி வேண்டாம். தையல் இயந்திரம் இல்லாத வீடுகளுக்காக, பழைய துணியைப் பெற்றுப் பை தைத்துத் தரும் பணியை உரிய கூலியுடன் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் உள்ளாட்சி அமைப்புகள் ஒப்படைக்கலாம். எத்தனை பைகள் விநியோகிக்கப்பட்டன என்பதல்ல, எத்தனை பேர் வீட்டிலிருந்து பையுடன் சந்தைக்கு வருகிறார்கள் என்பதே இயக்கத்தின் வெற்றிக்கு அளவுகோலாக வேண்டும்.