'டிரை ஹாப்பிங்'னா என்ன? வீட்டிலேயே பீர் தயாரிச்சா தமிழ்நாட்டில் குற்றமா? சிவகாசி வெயிலில் பாட்டில் ஏன் வெடிக்கும்?

வீட்டிலேயே பீர் தயாரிப்பது எப்படி என்று சொல்லித் தரும் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை 'டிரை ஹாப்பிங்'. பார்க்க எளிதாகத் தெரியும் இந்த வேலையில் அறிவியல் சிக்கலும் இருக்கு, சட்டச் சிக்கலும் இருக்கு.

டிரை ஹாப்பிங் என்றால் என்ன?

பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. இந்தியாவில் ஹிமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில் இது விளைகிறது. பூவைக் கொதிக்கும் மால்ட் கரைசலில் போட்டால் கசப்பு இறங்கும், ஆனால் வாசனை எண்ணெய்கள் ஆவியாகப் போய்விடும். அதனால், கரைசல் ஆறி, ஈஸ்ட் சேர்த்து, நொதித்தல் முடியும் கட்டத்தில் மறுபடியும் ஹாப்ஸ் போடுவார்கள். கொதி இல்லாததால் கசப்பு அதிகம் ஏறாது, வாசனை மட்டும் தங்கும். இதுதான் டிரை ஹாப்பிங்.

பொதுவாக ஒரு லிட்டருக்கு 2 முதல் 8 கிராம் வரை போட்டு, 2 முதல் 5 நாட்கள் வைப்பார்கள். அதிக நாள் விட்டால் பச்சைப்புல் வாடை வந்துவிடும். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் காற்றுப் பட்டு வாசனையே போய்விடும்.

இது புது டெக்னிக் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் இந்தியா வந்த பீர் பீப்பாய்களிலும் இப்படி ஹாப்ஸ் சேர்த்துத்தான் அனுப்பினார்கள். மாதக்கணக்கான பயணத்தில் பீர் கெடாமல் இருக்க ஹாப்ஸ் உதவியது.

பாட்டில் ஏன் வெடிக்கிறது?

ஹாப்ஸில் சில நொதிகள் இருக்கின்றன. ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட மாவுச்சத்துத் துணுக்குகளை இவை சர்க்கரையாக உடைக்கும். முடிஞ்சுபோச்சு என்று நினைத்த நொதித்தல் மறுபடியும் தொடங்கும். மூடிய பாட்டிலில் கூடுதலாக 4 கிராம் சர்க்கரை நொதித்தாலே ஏறத்தாழ ஒரு லிட்டர் கரியமில வாயு உருவாகும். அது வெளியேற வழியில்லை.

அடைபட்ட வாயு என்ன செய்யும் என்பதைச் சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டாசில் காகிதச் சுற்று கிழியும், இங்கே கண்ணாடி சிதறும். பீர் தயாரிக்கும் ஈஸ்ட் வகைகள் பலவற்றுக்கு 18 முதல் 22 டிகிரி தேவை. விருதுநகர் கோடையில் ஏசி இல்லாத அறையில் அது நடக்காத காரியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன் 4-வது பிரிவின்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். பீரும் மதுதான். 'விக்கலையே, வீட்டுக்குத்தானே' என்பது தப்பிக்க வழி ஆகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் உயிரைப் பறித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். தானியமோ பதநீரோ இயல்பாக நொதிப்பதில் அந்த அளவு மெத்தனால் உருவாகாது. ஆனால் இந்த வித்தியாசத்தைச் சட்டம் தடைக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளவில்லை.

பனைமரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

விருதுநகர் வட்டாரத்தில் நொதித்தல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பனைதான். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் ஈஸ்ட் வளராது, கிடைப்பது பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்திலேயே கள். சாத்தூர்க் கடைகளில் விற்கும் கருப்பட்டி மிட்டாய்க்கு மூலமே அந்தச் சுண்ணாம்புக் கலயம்தான்.

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. பக்கத்தில் கேரளாவிலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கடைகள் உண்டு. 2025 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் நாம் தமிழர் கட்சி ஒருங்கிணைப்பாளர் சீமான் பனை ஏறிக் கள் இறக்கியது இந்த விவாதத்தை மறுபடி கிளப்பியது.

தடை வேண்டும் என்பவர்கள் கலப்படத்தையும் ஏழைக் குடும்பங்களின் வருமானம் கரைவதையும் சொல்கிறார்கள். நீக்கச் சொல்பவர்களின் கேள்வி வேறு: சுமார் 5 சதவீத ஆல்கஹால் உள்ள பீரை அரசே டாஸ்மாக்கில் விற்கும்போது, அதே அளவு போதையுள்ள கள்ளை இறக்கும் பனையேறி மட்டும் எப்படிக் குற்றவாளி?

அப்போ என்ன செய்யலாம்?

டிரை ஹாப்பிங் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு, உரிமம் பெற்ற சிறு மதுவடிப்பகங்கள் இயங்கும் பெங்களூரு போன்ற இடங்களே சட்டப்படியான வழி. வீட்டில் செய்து பார்க்கும் ஆசை ஒரு வழக்கில் போய் முடியலாம். பனையேறிக்கோ இது ஆசை சார்ந்த விஷயம் இல்லை. சுண்ணாம்பு தடவிய கலயமா, தடவாத கலயமா என்பதில்தான் அவர் பிழைப்பும் வழக்கும் நிற்கிறது.