நாலு துறை, நாலு கோப்பு

குற்றாலத்தில் விடுதிக்கு ஒரு கோப்பு, காட்டுக்கு ஒரு கோப்பு, நோய்க்கு ஒரு கோப்பு, வருமானத்துக்கு ஒரு கோப்பு. ஆராய்ச்சியும் அப்படியேதான் நடக்கிறது. நாலையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்ப்பவர் யார்?

வைக்காவிட்டால் என்ன நஷ்டம் என்பீர்கள். மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளைக் கொன்றது. 2004-இல் இது தெரியவந்தது; 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. கழுகுகள் அழிந்ததால் சடலங்கள் அழுகின, தண்ணீர் கெட்டது, தெருநாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மனித உயிர்கள் இதனால் கூடுதலாகப் போயின என்று 2024-இல் கணக்குச் சொன்னவர்கள் இரண்டு பொருளாதார அறிஞர்கள்! மருந்து, பறவை, பணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்ததால்தான் அந்தக் கணக்கு வந்தது.

துறைக்கொரு நிபுணர் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், வேலி வேண்டாம். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட பஸ்தேர் வைத்தியரல்ல, வேதியியல்காரர் என்பதுதான் என் பிரெஞ்சுப் பள்ளியில் நான் கற்ற பாடம்.

இங்கே ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி விட்ட விடுதிகள்மேல் நடவடிக்கைக்கு 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. மலைத் தண்ணீர்தானே சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து தாமிரபரணியில் சேர்கிறது? விடுதி வாசலில் அது கெட்டால் வயலும் வயிறும் கெடும்.

ஆழ்வார்குறிச்சியிலேயே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையம் இருக்கிறது. மருத்துவரையும் பொருளாதாரக்காரரையும் விடுதிக்காரரையும் அங்கே ஒன்றாக உட்கார வையுங்கள். முடிவைத் தமிழில் எழுதிப் பேரூராட்சி வாசலில் ஒட்டுங்கள். வரி கட்டுகிற நாங்கள் வாசித்துக்கொள்கிறோம்.