பீடோருக்காக யார் பேசுவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பொதுத்தேர்தல் முடிந்த சூட்டோடு இன்னொரு தேர்வு தொடங்கிவிடும். அதற்கு வாக்குப்பெட்டி கிடையாது, பிரச்சாரம் கிடையாது. கட்சிக் கிளைத் தலைவர் தொகுதித் தலைவரைப் பார்ப்பார். தொகுதித் தலைவர் சட்டமன்ற உறுப்பினரின், அதாவது ஒய்பியின், சேவை மையத்துக்குப் போவார். பெயர்கள் கட்சியின் மாநிலத் தலைமைக்குச் சென்று, எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்ற கணக்குக்குள் அடங்கி, மாநில அரசின் மேசையை அடையும். பிறகு ஒருநாள் சிலர் கையில் நியமனக் கடிதம் இருக்கும். தாப்பா மாவட்ட மன்றத்தில் பீடோர் மக்களின் பெயரால் அமர்கிறவர் இந்த வழியாகத்தான் வருகிறார். அவர் வந்ததே ஊரில் பலருக்குத் தெரியாது. அவர் எப்போது போனார் என்பதும் தெரியாது.

அடுத்த பொதுத்தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் வந்தாக வேண்டும். அதன்பின் மீண்டும் பட்டியல் எழுதப்படும். இந்த முறையும் ஊருக்குச் சொல்லாமல் எழுதப்பட்டால், தோட்டங்களைவிட்டு வெளியேறிய நம் மக்களுக்கு மிச்சமிருக்கும் நிலமும் கோயிலும் இடுகாடும் யாரும் தட்டிக்கேட்காத காகிதங்களில் கைமாறிவிடும் என்று நாம் அஞ்சுகிறோம். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது.

மாவட்ட மன்றம் என்றால் குப்பை லாரி, அடைத்த சாக்கடை, எரியாத தெருவிளக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். அவையும் அதன் வேலைதான். பீடோர் சந்தையில் கடை போடவும், சாலையோரம் பலகாரம் விற்கவும், பழைய கடைவீட்டில் உணவகம் திறக்கவும் அதன் உரிமம் வேண்டும். வீட்டுக்கு வருகிற மதிப்பீட்டு வரியை நிர்ணயிப்பதும் வசூலிப்பதும் அதுதான். ஆனால் மன்றத்தின் உண்மையான அதிகாரம் திட்டமிடலில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி எந்த நிலம் குடியிருப்பு, எது தொழிற்பேட்டை, எது திடல், எது வழிபாட்டுத் தலம், எது சுடலை என்று வரைபடத்தில் குறிப்பது உள்ளூர்த் திட்டம். அதன் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஆட்சேபம் சொல்ல சில வாரங்கள் தவணை உண்டு. அந்தச் சில வாரங்களில் யாரும் போய்ப் பார்க்காவிட்டால், அந்த வரைபடம் பல ஆண்டுகளுக்கு ஊரின் தலையெழுத்தாகிவிடும்.

பீடோரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களின் கதை நமக்குத் தெரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நிலங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. தோட்ட லயங்களில் இருந்தவர்கள் தாமான் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் இடம்பெயர்ந்தார்கள். பழைய நிலத்தில் நின்றுபோனவை மூன்று: முன்னோர் கட்டிய கோயில், அவர்களைப் புதைத்த இடம், சில இடங்களில் தமிழ்ப்பள்ளி. நிலப்பட்டா மாவட்ட நில அலுவலகத்தின் பொறுப்பு என்பது உண்மைதான். ஆனால் அந்த நிலத்தில் வீடமைப்புத் திட்டம் ஒன்று வரும்போது அதற்குத் திட்ட அனுமதி தருவது ஊராட்சி மன்றமான மாவட்ட மன்றம். அனுமதி விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் மன்ற உறுப்பினர்களும் அமர்கிறார்கள். நம் கோயில் வரைபடத்தில் வெற்றுக்கட்டமாகத் தெரியும்போது, “இங்கே மூன்று தலைமுறையாகத் தீமிதி நடக்கிறது” என்று சொல்ல அந்த மேசையில் ஒருவர் வேண்டும். பின்னால் மேம்பாட்டாளரின் இயந்திரம் வந்து நிற்கும்போது பத்திரிகையாளரை அழைத்துப் பயனில்லை. தடுக்க வேண்டிய நேரம் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, ஒரு கூட்ட அறையில் கடந்து போயிருக்கும்.

அந்த மேசைக்கு யாரை அனுப்பலாம் என்பதைச் சட்டம் சொல்லியிருக்கிறது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, பத்தாவது பிரிவு: தலைவரைத் தவிர்த்து எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மேற்படாமலும் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும். அவர்களில் பெரும்பான்மையினர் அந்த மன்றத்தின் எல்லைக்குள் வசிப்பவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சி விவகாரங்களில் அனுபவம், தொழிலிலோ வணிகத்திலோ சிறப்பு, அல்லது தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்தும் திறன் வேண்டும். பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகாது; முன்னதாகவே நியமனத்தை ரத்து செய்யவும் முடியும். கட்சி உறுப்பினராக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. நடைமுறையில் கட்சி அட்டைதான் முதல் தகுதி.

எந்த நேரத்திலும் ரத்து செய்யலாம் என்ற இந்தக் கயிறு எத்தனை முறை இழுக்கப்படும் என்பதைப் பேராக் மக்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். 2008 மார்ச்சில் பக்காத்தான் கூட்டணி ஆட்சிக்கு வந்தது. மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் விலகியதால் 2009 பிப்ரவரியில் ஆட்சி பாரிசான் கூட்டணியிடம் போனது. 2018 மே மாதம் பக்காத்தான் ஹராப்பான். 2020 மார்ச்சில், கூட்டணி உடைந்து, அதே மந்திரி பெசாரின் (மாநில முதல்வரின்) தலைமையிலேயே வேறோர் ஆட்சி. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று இன்னொரு மந்திரி பெசார். 2022 நவம்பருக்குப்பின் பாரிசானும் ஹராப்பானும் ஒரே அரசில். ஆட்சி ஆட்டம் காணும்போதெல்லாம் மன்ற உறுப்பினர்களின் நாற்காலிகளும் சேர்ந்தே ஆடின. தன் பகுதியின் சாக்கடைத் திட்டத்தைப் பாதியில் வைத்திருக்கும் உறுப்பினர் மாநிலத் தலைநகர் ஈப்போவில் நடக்கும் கட்சித் தாவலுக்காக வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படிப்பட்ட பதவியில் இருப்பவர் யார் முகத்தைப் பார்த்து நடப்பார்? கடிதம் கொடுத்தவரின் முகத்தைத்தான்.

ஒரு காலத்தில் இந்நாட்டில் இப்படி இருக்கவில்லை. 1951 டிசம்பர் முதல் தேதி ஜார்ஜ்டவுனில் நகராண்மைக் கழகத் தேர்தல் நடந்தது. கூட்டரசுச் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் வருவதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணின் மக்கள் வாக்களித்தது ஊராட்சிக்குத்தான். 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது தொழிலாளர் கட்சியின் டி.எஸ். இராமநாதன் மேயரானார். தமிழர் அவர். சீனர்கள் பெரும்பான்மையாக வாழும் மாநகரில் அந்த நாற்காலி அவருக்குக் கிடைத்தது. நம் பேராக்கிலோ டி.ஆர். சீனிவாசகமும் எஸ்.பி. சீனிவாசகமும் நடத்திய மக்கள் முற்போக்குக் கட்சி ஈப்போ நகர மன்றத்தைக் கையில் வைத்திருந்தது. அவர்களுக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் ஈப்போ சீனத் தொழிலாளர்களும் கடைக்காரர்களும். ஈப்போவின் பூங்கா ஒன்று இன்றும் சீனிவாசகம் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறோம்? “தேர்தல் வைத்தால் இந்தியனுக்கு ஓர் இடமும் கிடைக்காது, நியமனத்தில் கோட்டாவாவது உண்டு” என்று நம்மவர்களே சொல்வதைக் கேட்கிறோம். சொல்பவர்களின் கவலை பொய்யல்ல. சிறுபான்மையாகச் சிதறிக் கிடக்கும் ஊர்களில் வாக்கு எண்ணிக்கை நம்மைக் கைவிடலாம். ஆனாலும் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. மலேசியாவில் தமிழர்கள் ஊராட்சியில் உண்மையான அதிகாரத்தோடு இருந்தது பிற இன வாக்காளர்களின் நம்பிக்கையைப் பெற்ற அந்தத் தேர்தல் காலத்தில்தான். கோட்டா நாற்காலியைத் தந்தது. எதிர்த்துப் பேசும் துணிவைத் தரவில்லை.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டித் பிரதமர் துங்குவின் அரசாங்கம் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தது. அமைதி திரும்பியதும் மீண்டும் நடத்துவதாக வாக்குறுதி தரப்பட்டது. 1966 ஆகஸ்டில் மோதல் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை. ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன், மலேசிய இந்தியர் காங்கிரசான ம.இ.கா.வின் தலைவர்களுள் ஒருவர். 1968 இறுதியில் முடிக்கப்பட்ட அவருடைய அறிக்கை ஊராட்சித் தேர்தல் வேண்டும் என்று தெளிவாகப் பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தல் பற்றிய விதிகளைச் செயலற்றதாக்கி, நியமனத்தை நிரந்தரமாக்கிவிட்டது. ஆளும் கூட்டணிக்குள்ளேயே இருந்துகொண்டு மக்களின் வாக்குரிமைக்காக எழுதிய ஒரு தமிழரின் அறிக்கை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கிடப்பில் இருக்கிறது. அவர் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் எந்தக் கட்சியும் அதைக் கையில் எடுத்துப் போராடியதில்லை. இது நமக்குப் பெரும் தலைக்குனிவு.

தோட்ட மக்களுக்கு இதில் இன்னொரு வேதனையும் உண்டு. அவசரகாலத்தில் உருவான சீனப் புதுக்கிராமங்களில் 1952ஆம் ஆண்டுச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் மன்றங்களுக்கு வழி செய்தது. தோட்டம் தனியார் சொத்து. அங்கே குழாய்த் தண்ணீருக்கும் சாலைக்கும் கிராணி, துரை, கம்பெனி என்றுதான் போய் நிற்க வேண்டும். ஆகவே, பீடோர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களில் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட ஊராட்சிக்கு வாக்களித்ததில்லை. தோட்டத்தைவிட்டுத் தாமானுக்கு வந்து, மதிப்பீட்டு வரியும் கட்டும் அவர்களின் பிள்ளைகளுக்கும் அந்த உரிமை இல்லை. துரையின் இடத்தில் கட்சிக்காரர் நிற்கிறார்.

மீட்கும் முயற்சிகள் நடக்காமலில்லை. பினாங்கு அரசு 2012இல் ஊராட்சித் தேர்தலுக்கு ஒரு மாநிலச் சட்டமே இயற்றியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2014 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2018இல் கூட்டரசில் ஆட்சி மாறியதும் மூன்றாண்டுகளில் தேர்தல் திரும்பும் என்று ஊராட்சித் துறை அமைச்சர் சொன்னார். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரதமர் மகாதீர் இனப்பூசல் வரும் என்று கதவைச் சாத்தினார். ஜார்ஜ்டவுனும் ஈப்போவும் வாக்களித்த காலத்தில் ஊராட்சித் தேர்தலால் எந்த இனப்பூசல் வெடித்தது என்று அவர் விளக்கவில்லை.

தமிழர் வாழும் பிற இடங்களில் இப்படியில்லை. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் காலாவதியான உள்ளாட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடத்தாமல் மூன்றாண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களிடம் விட்டபோது நீதிமன்றம் வரை வழக்கு போனது. இலங்கையில் 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போனபோது, அது குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் யாழ்ப்பாணம் உட்பட நாடெங்கும் மக்கள் வாக்களித்தார்கள். அங்கெல்லாம் சில ஆண்டுத் தாமதமே வழக்காகிறது. இங்கே அறுபதாண்டுகள் கடந்தும், பினாங்கின் முயற்சியைத் தவிர, ஒரு முணுமுணுப்பு மட்டும்தான்.

தேர்தல் நாளையே வந்துவிடாது. அதுவரை நியமனமே வழி என்றால், நியமனத்தையாவது வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். மந்திரி பெசாரும் ஆட்சிக்குழுவும் அடுத்த நியமனத்துக்கு முன் விண்ணப்பங்களை வெளிப்படையாகக் கோரட்டும். பீடோர்ப் பகுதிக்கென முன்மொழியப்படுபவர் பீடோரில் வசிக்கிறாரா என்பதை அறிவிக்கட்டும். சில மாநிலங்களில் அரசு சாரா இயக்கங்களுக்கு இடம் ஒதுக்கிய முன்னுதாரணம் உண்டு. பேராக்கிலும் கட்சிக்கு வெளியே இருக்கும் ஆசிரியருக்கும், ஆலய நிர்வாகிக்கும், கடை நடத்தும் பெண்ணுக்கும் இடம் வேண்டும். யார் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், என்ன பேசினார் என்பதை ஆண்டுக்கொருமுறை வெளியிடட்டும். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

நியமனம் நாடி நிற்கும் நம் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வோம். பதவியை நாடுவது தவறல்ல; நாடுங்கள். ஆனால் ஒய்பியின் சேவை மையத்துக்குப் போவதற்கு முன் தாப்பா மாவட்ட மன்றத்தின் உள்ளூர்த் திட்டத்தைக் கேட்டு வாங்கி, பீடோரின் கோயில்களும் சுடலைகளும் பள்ளிகளும் அதில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதைப் படிக்காமல் அந்த நாற்காலியில் உட்கார்பவர் நமக்காகப் பேச முடியாது. மாலை, மேடை, பொன்னாடையோடு அவர் பணி முடிந்துவிடும்.

வாசகர்களே, ஊராட்சி மன்றத்தின் முழுக்கூட்டங்கள் மன்றம் தீர்மானித்து மூடினாலன்றிப் பொதுமக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் திறந்தவை என்று சட்டம் 171 சொல்கிறது. தாப்பாவுக்குப் போக பீடோரிலிருந்து அதிக நேரம் ஆகாது. அடுத்த கூட்டம் எந்த நாள் என்று மன்ற அலுவலகத்தில் கேளுங்கள். பத்துப் பேராகச் சேர்ந்து போய் உட்காருங்கள். உங்கள் பகுதியின் உறுப்பினர் யார் என்று அங்கேயே விசாரியுங்கள்.